கடதாசி எண்ணுவது குற்றமா? வன்னியிலிருந்து கசினோவுக்குப் போகிறவர்களுக்கான வழிகாட்டி

304 விளையாடத் தெரிந்தவருக்குக் கடதாசி எண்ணுவது புதிய வித்தை இல்லை. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. துரும்பில் எத்தனை இறங்கிவிட்டது, ஒன்பது இன்னும் யார் கையில் கிடக்கிறது என்று மனதுக்குள் கணக்கு வைக்காதவர் அந்த ஆட்டத்தில் நின்றுபிடிக்க முடியாது. புதுக்குடியிருப்பிலோ பூநகரியிலோ வேப்பமரத்தடியில் அப்படி விளையாடுகிறவரைக் கெட்டிக்காரர் என்பார்கள். கொழும்பில் ஒரு கசினோவின் பிளாக்ஜாக் மேசையில் அதே வேலையைச் செய்தால், பின்னாலிருந்து ஒருவர் வந்து தோளில் கை வைத்து, 'இனி விளையாட வேண்டாம்' என்பார்.

அந்த நேரத்தில் உங்கள் உரிமை என்ன, அவர்களின் உரிமை என்ன, எதைச் செய்தால் சட்டத்துக்குள் நிற்பீர்கள், எதைச் செய்தால் பொலிஸ் நிலையம் வரை போகும் என்பதுதான் இங்கே விஷயம். வன்னியில் உரிமம் பெற்ற கசினோ எதுவும் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள். லண்டனிலிருந்து வரும் மச்சானோடு ஒரு நாள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். விதி தெரியாமல் போவதை விடத் தெரிந்துகொண்டு போவது நல்லது. போகாமலே இருக்க முடிவெடுப்பதற்கும் அதே விபரம்தான் உதவும்.

எண்ணும் முறை

பிளாக்ஜாக்கில் 21ஐத் தாண்டாமல் டீலரை (கசினோவுக்காகக் கடதாசி போடுகிறவரை) விடக் கூடுதலாக எடுக்க வேண்டும். கடதாசிக் கட்டில் பத்தும் படக் கடதாசியும் ஏஸும் கூடுதலாக மிச்சமிருந்தால் ஆட்டக்காரருக்கு நல்லது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஏஸும் பத்தும் சேர்ந்து முதல் இரண்டு கடதாசியிலேயே 21 வந்தால் (அந்தக் கைக்கும் பிளாக்ஜாக் என்றுதான் பெயர்) ஆட்டக்காரருக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். டீலருக்கு வந்தால் உங்கள் பந்தயம் மட்டும்தான் போகும். மற்றது, டீலரிடம் 16 இருந்தாலும் விதிப்படி இன்னொன்று எடுத்தே ஆகவேண்டும். பெரிய கடதாசி மிச்சமிருக்கும் கட்டில் அவர் 21ஐத் தாண்டி உடைவது கூடும். சின்னக் கடதாசிகள் வெளியே போகப் போக நிலைமை உங்கள் பக்கம் சாயும். அந்தச் சாய்வை அளக்கும் கணக்கு இது:

2, 3, 4, 5, 6 வந்தால் ஒவ்வொன்றுக்கும் +1
7, 8, 9 வந்தால் 0
10, ஜாக், ராணி, ராசா, ஏஸ் வந்தால் ஒவ்வொன்றுக்கும் −1

ஒரு கட்டில் கூட்டுகிறது 20, கழிக்கிறது 20, சும்மா கிடப்பது 12. ஆகவே 52ஐயும் எண்ணி முடித்தால் பூச்சியத்தில் வந்து நிற்க வேண்டும். மேசையில் 5, ராசா, 3, 6, 9, ஏஸ், 2, 10, 4 என்று விழுந்தால் மனதில் ஓடுவது: 1, 0, 1, 2, 2, 1, 2, 1, 2. இதை ஓடும் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் கணக்கை அப்படியே நம்பிப் பந்தயத்தைக் கூட்டுவதுதான் பழகுகிறவர்கள் விடும் முதல் பிழை. கசினோவில் பெரும்பாலும் ஆறு அல்லது எட்டுக் கட்டுகளைக் கலந்து ஒரு பெட்டியிலிருந்து எடுப்பார்கள். ஆறு கட்டென்றால் 312 கடதாசி. ஓடும் கணக்கு +8 ஆக இருக்கும்போது இன்னும் நாலு கட்டு மிச்சமென்றால் உண்மைக் கணக்கு 8 ÷ 4, அதாவது +2. இரண்டு கட்டு மட்டும் மிச்சமென்றால் +4. எத்தனை கட்டு மிச்சம் என்பதை, போட்ட கடதாசிகள் அடுக்கியிருக்கும் தட்டைப் பார்த்து மதிக்க வேண்டும். ஒரு கட்டின் கனம் ஏறக்குறைய ஒன்றரைச் சென்ரிமீற்றர். வீட்டில் ஆறு கட்டு வாங்கி, ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று மேசையில் அடுக்கிவைத்துக் கண்ணைப் பழக்குங்கள். இந்த மதிப்பீட்டில் ஒரு கட்டுப் பிசகினால் மிச்சக் கணக்கெல்லாம் பிசகும்.

பயிற்சிக்கு வேறு செலவில்லை. ஒரு கட்டைக் குலுக்கி, மூன்று கடதாசியைப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டு, மிச்ச 49ஐயும் ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணுங்கள். கடைசியில் +2 வந்தால், ஒதுக்கிய மூன்றும் சேர்ந்து −2 ஆக இருக்க வேண்டும். திருப்பிப் பாருங்கள். 30 செக்கனுக்குள் பிழையில்லாமல் முடிக்கிற வரைக்கும் காசு வைத்து விளையாட நினைக்கக்கூடாது. பிறகு கடதாசியை இரண்டிரண்டாகத் திருப்புங்கள். ராசாவும் ஐந்தும் சேர்ந்து வந்தால் பூச்சியம், தாண்டிப் போகலாம். அதன்பிறகு வானொலியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒருவரைக் கதைக்கச் சொல்லி எண்ணுங்கள். பழகியவருக்கும் கணக்குத் தப்புவது டீலர் கடதாசியை அள்ளும் அந்த இரண்டு செக்கனில்தான்.

இதற்கெல்லாம் முன்னால் எந்தக் கையில் எடுப்பது, எதில் நிற்பது, எதைப் பிரிப்பது என்ற அடிப்படை விளையாட்டு மனப்பாடமாக இருக்க வேண்டும். 8, 8 வந்தால் இரண்டு கையாகப் பிரிக்க வேண்டும். 11 வந்தால் பெரும்பாலும் பந்தயத்தை இரட்டிக்க வேண்டும். டீலர் 10 காட்டும்போது உங்களிடம் 16 இருந்தால், மனம் எவ்வளவு பயந்தாலும் எடுக்கத்தான் வேண்டும். டீலர் ஏஸ் காட்டும்போது 'காப்புறுதி' வேண்டுமா, அதாவது அவருக்குப் பிளாக்ஜாக் வரும் என்று பக்கப் பந்தயம் வைக்கிறீர்களா என்று கேட்பார்கள். உண்மைக் கணக்கு +3க்குக் கீழே என்றால் வேண்டாம். இந்த அடிப்படையில் விடும் பிழைகள், எண்ணுவதால் வரும் இலாபத்தை விடக் கூடுதலாகத் தின்றுவிடும்.

காசுக் கணக்கு

இந்தப் பகுதியை வாசிக்காமல் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நல்ல விதியுள்ள மேசையில், அடிப்படை விளையாட்டைப் பிழையின்றி விளையாடினால் கசினோவின் மேல்கை, அதாவது பந்தயத்தில் சராசரியாக அதற்கு மிஞ்சும் பங்கு, ஏறக்குறைய 0.5 வீதம். உண்மைக் கணக்கு ஒன்று கூடினால் ஏறக்குறைய 0.5 வீதம் உங்கள் பக்கம் நகரும். +1இல் சமம், +2இல் 0.5 வீதம் உங்களுக்கு. 5,000 ரூபா பந்தயத்தில் அது 25 ரூபா. கணக்கு +4க்கு ஏறினால் 75 ரூபா, ஆனால் அது அடிக்கடி வராது.

இலங்கைக் குடிமக்களிடம் கசினோ நுழைவு வரி அறவிடப்படுகிறது. 50 அமெரிக்க டொலராக இருந்ததை 100 டொலராக்கும் திருத்தம் 2025இல் கொண்டுவரப்பட்டது. வாசலில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பழைய 50 டொலரையே எடுத்து, ஒரு டொலரை 300 ரூபாவாக வைத்தால் 15,000 ரூபா. ஒரு கைக்கு 25 ரூபாப்படி இதை மீட்க, கணக்கு உங்கள் பக்கம் நிற்கும் 600 கைகள் வேண்டும். ஐந்து கையில் ஒன்று அப்படி வருகிறது என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 3,000 கைகள் விளையாட வேண்டும். மணிக்கு 70 கை என்றால் 40 மணித்தியாலத்துக்கு மேல். மற்ற நாலு பங்குக் கைகளில் சின்னப் பந்தயத்தில் கரையும் காசை இதில் கழிக்கவே இல்லை. பஸ் காசும் கொழும்பில் தங்கும் செலவும் இல்லை.

ஏற்ற இறக்கம் அதைவிடப் பெரிது. 5,000 ரூபாப்படி நூறு கை, எல்லாமே சாதகமான கணக்கில் விளையாடினாலும் எதிர்பார்க்கும் இலாபம் 2,500 ரூபா. அதே நூறு கையில் சாதாரணமாக நிகழும் மேல் கீழ் ஆட்டம் 57,000 ரூபாவைத் தாண்டும். சரியாக எண்ணி, சரியாகப் பந்தயம் வைத்து, ஒன்றரை இலட்சத்தைத் தோற்றுவிட்டு வருவது நடக்கக்கூடிய காரியம். அதில் உங்கள் பிழை எதுவும் இருக்காது. ஆனால் காசு போனது போனதுதான். ஆகவே சீட்டுக் காசு, நெல் வித்த காசு, நுண்கடன் எடுத்த காசு, அடகு வைத்த சங்கிலிக் காசு எதையும் அந்த மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. நுண்கடன் வன்னியில் எத்தனை வீடுகளைக் குலைத்திருக்கிறது என்று எல்லோரும் கண்டிருக்கிறோம்.

உட்காரமுன் மேசையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பிளாக்ஜாக்குக்கு 3க்கு 2 கொடுக்கிறார்களா, 6க்கு 5 கொடுக்கிறார்களா என்பது மேசை விரிப்பிலேயே அச்சடித்திருக்கும். 1,000 ரூபாவுக்கு 1,500 கிடைப்பதற்கும் 1,200 கிடைப்பதற்கும் உள்ள அந்த வித்தியாசம் கசினோவின் மேல்கையை ஏறக்குறைய 1.4 வீதம் கூட்டிவிடும். எண்ணுகிறவருக்கு அந்த மேசையில் வேலையில்லை. இரண்டாவது, போட்ட கடதாசியை உடனுக்குடன் திரும்பக் கலக்கும் இயந்திரம் இருந்தால் எண்ண எதுவும் மிஞ்சாது. மூன்றாவது, வெட்டுக் கடதாசியை (இதோடு நிறுத்திக் குலுக்க வேண்டும் என்று காட்டும் கடதாசியை) எங்கே செருகுகிறார்கள் என்பது. ஆறு கட்டில் ஒன்றரைக் கட்டை ஒதுக்கினால் பரவாயில்லை. மூன்று கட்டை ஒதுக்கினால் கணக்கு ஏறுமுன் குலுக்கிவிடுவார்கள்.

பிற நாட்டு நீதிமன்றங்கள் போட்ட கோடு

இலங்கையில் இந்த விஷயத்தில் ஆளுக்கு ஆள் ஒன்று சொல்வார்கள். அந்தக் கதைகளில் பாதி அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கேயே மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம்.

எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1960களின் தொடக்கத்தில் கணினியில் கணக்குப் போட்டு, எண்ணினால் பிளாக்ஜாக்கை வெல்லலாம் என்று காட்டினார். அதன்பிறகுதான் கசினோக்கள் எண்ணுகிறவர்களை வெளியேற்றத் தொடங்கின. 1979இல் கென் அஸ்டன் என்பவரை நியூ ஜேர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியிலுள்ள ரிசோர்ட்ஸ் இன்டர்நெஷனல் கசினோ வெளியேற்றியது. அவர் வழக்குப் போட்டார். 1982இல் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம், ஆட்ட விதிகளைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாநிலத்தின் கசினோக் கட்டுப்பாட்டு ஆணைக்குழுவிடம் இருக்கிறது, ஆணைக்குழு விதி போடாத வரை எண்ணுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கசினோ தானாக வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. எண்ணுகிறவர்கள் வென்றார்கள். ஆனால் கசினோக்கள் கட்டுகளைக் கூட்டின, அடிக்கடி குலுக்கின, பந்தய எல்லையைக் குறைத்தன. வெளியேற்ற முடியாத இடத்தில் மேசையையே எண்ணுகிறவருக்குப் பிரயோசனமில்லாததாக மாற்றிவிடலாம் என்பதை அந்த வழக்கின் பின்விளைவு காட்டியது.

நெவாடாவில், லாஸ் வேகாஸ் இருக்கும் மாநிலத்தில், கதை வேறு. மூளையால் எண்ணுவது அங்கும் குற்றமில்லை. ஆனால் கசினோ தனியார் இடம் என்பதால் போகச் சொல்லலாம். சொன்ன பிறகும் நின்றாலோ, தடை செய்தபின் திரும்ப வந்தாலோ அத்துமீறி நுழைந்த குற்றம். 1985இல் இன்னொரு கோடும் போட்டார்கள்: எண்ணுவதற்கு உதவும் எந்தக் கருவியையும் மேசையில் பாவிப்பது குற்றம். சப்பாத்துக்குள் சின்னக் கணினி வைத்து விளையாடியவர்களால் வந்த சட்டம் அது. இன்றைக்குக் கைத்தொலைபேசிக்கும் அதுவே பொருந்தும்.

பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் 42ஆம் பிரிவு ஏமாற்றி விளையாடுவதைக் குற்றமாக்குகிறது. லண்டன் உறவினரோடு போகிறவர்கள் பில் ஐவி என்ற தொழில்முறைக் கடதாசி ஆட்டக்காரரின் வழக்கைத் தெரிந்துவைத்திருங்கள். 2012இல் லண்டன் குரொக்ஃபோர்ட்ஸ் கசினோவில் அவரும் கூட்டாளியும் கடதாசியின் பின்புற ஓரத்திலுள்ள மிகச் சிறிய அச்சு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள். ராசிக்காக என்று சொல்லி, சில கடதாசிகளை டீலரைக் கொண்டே திருப்பிவைத்து, 7.7 மில்லியன் பவுண் வென்றார்கள். கசினோ காசைக் கொடுக்க மறுத்தது. 2017இல் உச்ச நீதிமன்றம், தான் செய்வது நேர்மையானது என்று ஐவி உண்மையாக நம்பியிருந்தாலும், கடதாசி அடுக்கப்படும் விதத்தை அவர் மாற்றவைத்தது ஏமாற்றுதான் என்று முடித்தது. அவர் ஒரு கடதாசியைக்கூடக் கையால் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் கிடப்பதைப் பார்த்து மனதில் கணக்கு வைப்பது ஒரு பக்கம். கடதாசியின் நிலையை மாற்றுவது, குறி வைப்பது, டீலரோடு சேர்வது, கருவி பாவிப்பது எல்லாம் மறுபக்கம்.

இலங்கைச் சட்டம்

கசினோத் தொழிலுக்கு 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கசினோத் தொழில் (ஒழுங்குபடுத்தல்) சட்டம் வந்தது. உரிமம் வழங்கும் ஒழுங்குவிதிகள் 2022இல்தான் வெளிவந்தன. 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டத்துக்கும் 2010 சட்டத்துக்கும் பதிலாக எல்லாவற்றையும் ஓர் அதிகாரசபையின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். அதே ஆண்டு ஓகஸ்டில் கொழும்பில் சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ திறந்தது. சட்டமும் தொழிலும் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருப்பதால், புதிய சட்டத்தின் கீழ் வரும் விதிகளை வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் இறக்கலாம்.

1883இன் தண்டனைச் சட்டக் கோவையில் கடதாசி எண்ணுதல் என்றொரு குற்றம் இல்லை. உங்களோடு சம்பந்தப்படக்கூடிய பிரிவுகள் இவை.

398ஆம் பிரிவு ஏமாற்றுதல். ஒருவரை வஞ்சித்து, அதனால் அவர் பொருளைக் கொடுக்கும்படி செய்ய வேண்டும். மனதில் எண்ணுகிறவர் யாரையும் வஞ்சிப்பதில்லை. ஆனால் வேறொருவரின் அடையாள அட்டையோடு உள்ளே போனால், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதாக 399ஆம் பிரிவு வரும். ஒருமுறை தடை விழுந்தபின் தம்பியின் அட்டையைக் கொண்டுபோகலாம் என்ற யோசனை இதனால்தான் ஆபத்து. அதுவரை குற்றமில்லாமல் இருந்த காரியம் அந்த இடத்தில் குற்றமாகிவிடும்.

427ஆம் பிரிவு குற்றவியல் அத்துமீறல். சட்டப்படி உள்ளே போனவரும், இடத்துக்குரியவரை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ எண்ணி அங்கேயே நின்றால் இதற்குள் வரலாம். போகச் சொன்ன பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்பது உங்களுக்கு எதிரான சாட்சியாக மாறும்.

331ஆம் பிரிவு முறையற்ற தடுத்துவைப்பு. இது உங்கள் பக்கத்துப் பிரிவு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி தனியார் ஒருவர் இன்னொருவரைக் கைதுசெய்ய முடியும், ஆனால் பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் தன் கண் முன்னால் நடந்தால், அல்லது அப்படிச் செய்துவிட்டு ஓடுகிறார் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டுமே. பிடித்தவரைத் தாமதிக்காமல் பொலிஸில் ஒப்படைக்கவும் வேண்டும். எண்ணுவது குற்றமில்லாதபோது, எண்ணினார் என்பதற்காகப் பின்னறையில் பூட்டிவைக்க எந்தக் காவலாளிக்கும் அதிகாரமில்லை.

போகமுன்

சொந்த அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். 3,000 அமெரிக்க டொலர் அல்லது அதற்கு மேல் பரிமாறினால் உங்கள் அடையாளத்தை உறுதிசெய்யும் கடமை கசினோவுக்கு உண்டு. காசு கழுவலைத் தடுப்பதற்காக மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு அமுலாக்கும் விதி அது. எண்ணியதற்கான தண்டனை என்று நினைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். கைத்தொலைபேசியை அணைத்துப் பையில் வையுங்கள், மேசையில் வைக்கவே வேண்டாம். காசு மாற்றிய ஒவ்வொரு ரிசீற்றையும் பத்திரப்படுத்துங்கள். கொண்டுபோன தொகையையும் நேரத்தையும் வீட்டிலுள்ள ஒருவருக்குத் தெரிவித்துவிட்டுப் போங்கள்.

எப்படிப் பிடிபடுகிறார்கள் என்றால், கண்ணை உருட்டுவதாலோ உதடு அசைவதாலோ மட்டும் இல்லை. மேலேயுள்ள கமராவில் ஒருவர் உங்கள் பந்தயத்தையும் கணக்கையும் ஒப்பிடுகிறார். கணக்கு ஏறும்போது 1,000 பந்தயம் 12,000 ஆகிறது, இறங்கியதும் திரும்ப 1,000 ஆகிறது என்றால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். எப்போதும் காப்புறுதி வேண்டாம் என்றவர் கணக்கு ஏறியதும் வாங்குவது இன்னொரு அடையாளம். ஆட்டத்தை வெளியே நின்று பார்த்து, கணக்கு ஏறியதும் மட்டும் வந்து உட்காருவதும் அப்படித்தான்.

எழும்பச் சொன்னால்

முதலில் கையை மேசையிலிருந்து எடுங்கள். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை முடிக்க விட்டால் முடியுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

அடுத்தது, என்ன சொல்கிறார்கள் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். 'ஒரே அளவில் பந்தயம் வையுங்கள்' என்பது ஒன்று. 'பிளாக்ஜாக் வேண்டாம், மற்றதை விளையாடலாம்' என்பது வேறு. 'கட்டடத்தை விட்டுப் போங்கள், திரும்ப வரவேண்டாம்' என்பது கடைசி. மூன்றாவதைச் சொன்னவரின் பதவியையும் நேரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு திரும்ப அந்த வாசலை மிதித்தால் 427 பற்றிய பேச்சு உங்களுக்கு எதிராகப் பலமாகும்.

சிப்ஸைக் கசியரிடம் கொடுத்துக் காசாக்குங்கள். கொடுக்க மறுத்தால் சண்டை வேண்டாம். எத்தனை சிப்ஸ், எவ்வளவு பெறுமதி, ஏன் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் வெளியே வந்ததும் உடனே நீங்களே எழுதி வையுங்கள். உங்களுக்காக நிற்கப்போவது அந்த ரிசீற்றுகளும் இந்தக் குறிப்பும்தான்.

'உள்ளே வாங்க, கதைப்பம்' என்று பின்னறைக்குக் கூப்பிட்டால் போகத் தேவையில்லை. கசியர் நிற்கும் வெளிச்சமான இடத்திலேயே, கமரா பார்க்கும்படி நின்று, 'நான் இப்ப போறன். என்னைத் தடுக்கிறீங்களா?' என்று அமைதியாகக் கேளுங்கள். தமிழ் விளங்காவிட்டால் சிங்களத்தில் 'மம தென் யனவா' என்றாலே போதும். தடுத்தால் தள்ளாதீர்கள், கையை ஓங்காதீர்கள். ஒரு தள்ளு விழுந்தால் சில்லறைத் தகராறு தாக்குதல் வழக்காகிவிடும். 119க்கு அழைத்து, விருப்பத்துக்கு மாறாகத் தடுத்துவைத்திருக்கிறார்கள் என்று நீங்களே பொலிஸைக் கூப்பிடுங்கள்.

பொலிஸ் வந்தால்

தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். சிங்களத்தில் எழுதி, 'சும்மா ஒரு கையெழுத்து' என்றால், வாசிக்கத் தெரியாததில் கையெழுத்து வைக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கொழும்பில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும் வரை இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டி வரலாம். காத்திருங்கள். அவசரத்தில் வைத்த கையெழுத்தைப் பிறகு திரும்ப எடுப்பது மிகக் கடினம்.

என்ன குற்றத்துக்காகப் பிடிக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பிடியாணையின்றிக் கைதானால் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாவிட்டால், அல்லது அடித்தால், அது அடிப்படை உரிமை மீறல். உச்ச நீதிமன்றத்தில் மனுப்போட ஒரு மாதம்தான் காலம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கசினோக் காவலாளி அரச உத்தியோகத்தர் இல்லை என்பதால் அவருக்கு எதிராக அடிப்படை உரிமை மனு சரிவராது. அவருக்கு 331இன் கீழ் பொலிஸ் முறைப்பாடுதான் வழி.

ஊரிலும் கைத்தொலைபேசியிலும்

குளக்கட்டிலோ சந்தைப் பின்பக்கத்திலோ கோயில் திருவிழா வெளியிலோ காசு வைத்துக் கடதாசி விளையாடுவது வேறு சட்டம். பொது இடத்தில் காசுக்கு விளையாடுவதும், சூதுக்கென்றே ஓர் இடம் வைத்திருப்பதும், சேவல் சண்டையும் சூதாட்டக் கட்டளைச் சட்டம் சட்டவிரோதம் என்று வைத்தவை. அங்கே எண்ணினாரா இல்லையா என்பதல்ல பிரச்சினை. காசு மேசையில் கிடந்தாலே பிரச்சினைதான். 304ஐத் துரும்புக்கும் கௌரவத்துக்கும் விளையாடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

கைத்தொலைபேசிச் செயலிகளில் வரும் பிளாக்ஜாக்கில் எண்ணிப் பார்க்க எதுவுமில்லை. ஒவ்வொரு கைக்கும் கணினி புதிதாகக் குலுக்குகிறது, முந்தைய கடதாசிக்கும் அடுத்ததுக்கும் தொடர்பே கிடையாது. 'எண்ணி வெல்லலாம்' என்று வட்ஸ்அப்பில் ஆள் பிடிப்பவர் உங்கள் காசைத்தான் குறிவைக்கிறார். தோற்றதைப் பிடிக்க இன்னும் போடும் பழக்கம் ஒருவருக்கு ஏறியிருந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

கடைசியாகக் கடன். இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டம் பந்தயக் கடனை வழக்குப் போட்டு அறவிடும் கடனாக ஏற்பதில்லை. அதனால்தான் ஊரில் கொடுத்தவர்கள் அதைக் 'கைமாற்று' என்று எழுதி, வெற்றுக் காசோலையும் மோட்டார் சைக்கிள் புத்தகமும் காணி உறுதியும் கேட்கிறார்கள். எதையும் கொடுக்கமுன், எதிலும் கையெழுத்து வைக்கமுன், அந்தத் தாளைப் படமெடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்துக்கோ உங்கள் சட்டத்தரணியிடமோ போங்கள். புத்தகத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால், கொடுத்த திகதி, பார்த்தவர்களின் பெயர், உண்மையில் கைமாறிய தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.